பேனா கடைய முதல் உளி: கார்பைடா, எச்.எஸ்.எஸ்ஸா?

மரப் பேனா கடைய லேத்தை (கடைசல் இயந்திரத்தை) வாங்கிய பிறகு பலரும் தயங்கி நிற்பது, கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளாலான முனையை மாற்றும் உளியா, சாணை பிடிக்கும் எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) உளியா என்ற கேள்வியில்தான்.

செலவு: கார்பைடுக்கு உளியும் மாற்று முனைகளும் போதும். எச்.எஸ்.எஸ். உளி மலிவாகக் கிடைத்தாலும், சாணை இயந்திரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஆயுள்: சதுரக் கார்பைடு முனை மழுங்கினால், திருகைத் தளர்த்தி அடுத்த விளிம்புக்குத் திருப்பலாம், 4 விளிம்புகளும் தேய்ந்தால் புது முனைதான். எச்.எஸ்.எஸ். சீக்கிரம் மழுங்கும், ஆனால் ஆண்டுக்கணக்கில் தீட்டிப் பயன்படுத்தலாம்.

எளிமை: கார்பைடு உளியைக் கட்டையின் மைய உயரத்தில் கிடைமட்டமாகப் பிடித்து மெல்லச் செலுத்தினால் போதும், ஒரே நாளில் கை பழகிவிடும். எச்.எஸ்.எஸ். சாய்வு உளியிலோ, தீட்டிய சரிவு மரத்தின்மேல் படிந்தே நகர வேண்டும்; சற்றுப் பிசகினாலும் முனை மரத்தைக் கவ்வி, பேனாவின் உள்ளிருக்கும் பித்தளைக் குழாயின்மேல் மெல்லிய தோலாக எஞ்சியிருக்கும் மரத்தைப் பெயர்த்துவிடும். ஆனால் அது வசப்பட்ட பின் சீவல் நாடாவாகச் சுருண்டு வர, உப்புத்தாள் அதிகம் கேட்காத வழவழப்பு கிடைக்கும். சுரண்டி எடுக்கும் கார்பைடில் அந்த வழவழப்பு எளிதில் வராது என்பது என் உறுதியான கருத்து.

பேனா மட்டுமே செய்ய விரும்புவோருக்குக் கார்பைடு பொருந்தும்; கடைசலை முழுமையாகக் கற்க விரும்புவோர் எச்.எஸ்.எஸ்ஸிலேயே தொடங்கலாம்.