விளம்பரமா, கமிஷனா, சொந்த வேலையா: வணிகத் தளத்தில் எது கட்டுப்படியாகும்?

இந்த ஜனவரியில் என் தளத்தில் இருந்த விளம்பரங்களை எடுத்துவிட்டேன். "நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு, ஏன்?" என்று நாலைந்து பேர் கேட்டார்கள். புதிதாகத் தொழில், வரி, கடன் பற்றித் தமிழில் எழுதத் தொடங்கும் தம்பிகளும் முதலில் கேட்பது "அண்ணா, விளம்பரம் போட்டா எவ்வளவு வரும்?" என்பதுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவைப்பது நல்லது.

கரூரில் ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பது என் தொழில். ஜவுளிக்காரர்கள், கொசுவலைக்காரர்கள், கொஞ்சம் மளிகைக் கடைகள். 2018 பிப்ரவரியில், தளங்களில் விளம்பரம் காட்டிக் காசு தரும் கூகுள் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் தமிழில் மட்டும் எழுதும் தளத்துக்கு முறைப்படி அந்த விளம்பரம் கிடைக்காது. ஜிஎஸ்டி வந்து ஏழெட்டு மாதமே ஆகியிருந்த நேரம். கடைக்காரர்கள் ஒரே கேள்வியை நாளுக்குப் பத்து முறை கேட்டுக்கொண்டிருந்தார்கள். எழுதிப் போட்டால் வாயும் மிச்சம், காசும் வரும் என்று இறங்கினேன். அன்றிலிருந்து மூன்று வழியிலும் சம்பாதித்துப் பார்த்தாயிற்று. விளம்பரம் ஒன்று, அடுத்தவர் பொருளைச் சொல்லிக் கமிஷன் வாங்குவது இன்னொன்று, தளத்தின் வழியாக என் சொந்த வேலைக்கு ஆள் பிடிப்பது மூன்றாவது. என் சாய்வு மூன்றாவது பக்கம்தான், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பிளாக்கரா வேர்ட்பிரஸா என்ற பழைய சண்டைக்குள் நான் போகவில்லை. முதலாவது இலவசம், இரண்டாவதைச் சொந்தமாக சர்வரில் இடம் எடுத்து நடத்தினால் ஆண்டுதோறும் இடவாடகை உண்டு. எதில் எழுதினாலும் கீழே சொல்லும் கணக்கு மாறாது.

விளம்பரத்தின் நல்ல பக்கத்தை முதலில் சொல்கிறேன். யாரிடமும் பேச வேண்டாம், யாருக்கும் பில் போட வேண்டாம். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ரகசிய எண்ணோடு ஒரு தபால் வரும். எங்கள் தெருத் தபால்காரர் அந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. 100 டாலர் சேர்ந்தால் மறுமாதம் 21ஆம் தேதிக்கு மேல் பணம் வங்கிக்குப் போய்விடும். சொன்னதைச் சொன்னபடி கொடுத்தார்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எனக்கு அந்த முதல் 100 டாலர் சேரப் பதினொரு மாதம் ஆயிற்று. தமிழ்ப் பக்கத்துக்கு வரும் விளம்பரத்தின் விலை குறைவு. அதே விஷயத்தை ஆங்கிலத்தில் எழுதியபோது பார்வை குறைந்தாலும் காசு கூடியது. நான் ஆங்கிலத்தில் எழுதியது மொத்தம் நாலே கட்டுரை என்பதால் அதை வைத்து யாரும் பெரிய முடிவுக்கு வந்துவிட வேண்டாம்.

கமிஷன் வழியில் ஒரே மாதத்தில் விளம்பரத்தின் அரையாண்டு வருமானம் வந்ததுண்டு. ஒரு பில்லிங் மென்பொருளைப் பற்றி எழுதி இணைப்புக் கொடுத்தேன். என் வழியாக வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் எனக்கு ஒரு தொகை. (கமிஷனுக்கு டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே கழித்துக்கொள்ளும் வருமான வரி, பிடிப்பார்கள். 2024 அக்டோபர் 1 முதல் அது 5 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைந்தது. திரும்ப வாங்க ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும்.) காசு வாங்கிக்கொண்டு எழுதுவதைப் படிப்பவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று விளம்பரத் தரக் கவுன்சில் 2021இல் வழிகாட்டுதல் போட்டது. அது போடாவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும். நான் கட்டுரையின் தலையிலேயே போட்டிருந்தேன்.

எனக்கு வந்த சிக்கல் வேறு. அந்த நிறுவனம் ஒரு நாள் கமிஷனைப் பாதியாக்கியது, மின்னஞ்சலில் இரண்டு வரிதான். சரி, அவர்கள் கடை, அவர்கள் விலை. ஆனால் அதே மாதம் ஆண்டுச் சந்தாவையும் கூட்டிவிட்டார்கள். ஈரோட்டிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, "நீங்க சொன்னீங்கன்னுதானுங்க வாங்கினேன், இப்ப ரெட்டை விலை கேக்கறாங்க" என்றார். என்னிடம் பதில் இல்லை. எனக்குக் கட்டுப்பாடே இல்லாத ஒன்றுக்கு என் பெயரை அடமானம் வைத்திருக்கிறேன் என்று அன்றுதான் உறைத்தது. கமிஷனை நான் முழுதாக வெறுக்கவில்லை. நாமே தினமும் பயன்படுத்தும் பொருளென்றால் பரவாயில்லை. அதற்கு மேல் வேண்டாம்.

எனக்கு முடிவைச் சொன்னது இது எதுவுமில்லை. பராமரிப்பு.

எழுதத் தொடங்குகிறவர்கள் கட்டுரையை மரம் போல நினைக்கிறார்கள். நட்டுவிட்டால் காய்த்துக்கொண்டே இருக்குமாம். வணிக விஷயத்தில் கட்டுரை பசு மாடு. தீவனம் வைக்காவிட்டால் கறவை நிற்கும், அதோடு கட்டை அவிழ்த்துக்கொண்டு போய் அடுத்தவர் வயலையும் மேய்ந்துவிடும். உதாரணத்துக்கு மின் விலைப்பட்டியல், அதாவது இ-இன்வாய்ஸ். 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதலுக்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டும் வந்தது. 2021 ஜனவரியில் 100 கோடி, அந்த ஏப்ரலில் 50 கோடி, 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி, 2023 ஆகஸ்டில் 5 கோடி. மூன்று ஆண்டுகூட ஆகவில்லை, அதற்குள் ஒரே கட்டுரையின் தலைப்பை ஐந்து முறை மாற்றினேன். குறு, சிறு நிறுவனம் என்றால் எது என்ற வரையறை 2020 ஜூலையில் மாறி, 2025 ஏப்ரலில் திரும்ப மாறியது. ஒரு கோடி முதலீடு வரை குறு நிறுவனம் என்று எழுதியிருந்தேன், அது இரண்டரைக் கோடியாயிற்று. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டம். எண்ணைச் சொன்னாலே ஆளுக்குப் புரிந்துவிடும் 44ஏடி (சிறு வணிகர்கள் உத்தேச லாபத்துக்கு வரி கட்டும் பிரிவு) போன்றவற்றுக்கெல்லாம் வேறு எண்.

பெரிய அடி 2025 செப்டம்பரில் விழுந்தது. 3ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது, 22ஆம் தேதியிலிருந்து 12, 28 சதவீத அடுக்குகள் ஏறக்குறைய முழுவதுமாகப் போயின. ஆடை, போர்வை போன்றவற்றுக்கு ஒரு உருப்படி 1,000 ரூபாய் வரை 5 சதவீதம் என்றிருந்தது 2,500 வரை ஆனது. அதற்கு மேல் 12 என்றிருந்தது 18 ஆனது. என் தளத்தில் இருந்தவை 200க்குச் சற்று மேல். அதில் 61 கட்டுரைகளில் ஏதோ ஒரு மூலையில் வரி விகிதம் இருந்தது. சிலவற்றில் அட்டவணை, சிலவற்றில் கணக்குப் போட்டுக் காட்டிய உதாரணம். ஒன்றுக்கு அரை மணி நேரம் என்றாலும் 30 மணி நேரத்துக்கு மேல். கையில் இருந்ததோ 19 நாள். அதே நேரத்தில் என் வாடிக்கையாளர்களின் பில்லிங் மாற்றமும் நவராத்திரி சரக்கும் தலைமேல் நின்றன. முடிந்தவரை திருத்தினேன். பதினெட்டு கட்டுரை திருத்தாமல் நின்றுபோயிற்று.

தீபாவளி முடிந்து ஒருவர் கூப்பிட்டார். 1,400 ரூபாய்ப் போர்வைக்கு 12 சதவீதம் போட்டு ஒரு மாதம் விற்றிருக்கிறார். "உங்க தளத்துல அப்படித்தானே இருந்துச்சு?" இருந்தது. கூடுதலாக வாங்கிய வரியை அவர் வைத்துக்கொள்ளவும் முடியாது. வாங்கியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்து, பழைய பில் தொகையைக் குறைத்துக் காட்டும் கிரெடிட் நோட் போட வேண்டும், இல்லாவிட்டால் அரசுக்குக் கட்ட வேண்டும். நான் போய் உட்கார்ந்து காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தேன், இரண்டு நாள் போயிற்று.

அந்தப் பதினெட்டு கட்டுரைகளும் அந்த மாதம் முழுக்க விளம்பரக் காசு கொடுத்துக்கொண்டே இருந்தன. தப்பான கட்டுரைக்கும் சரியான கட்டுரைக்கும் விளம்பரம் ஒரே காசுதான் தருகிறது. திருத்தினால் ஒரு ரூபாய் கூடாது, திருத்தாவிட்டால் ஒரு ரூபாய் குறையாது. அந்த மாத விளம்பர வருமானம் ஏறத்தாழ 2,300 ரூபாய். 30 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 77 ரூபாய் வருகிறது. ஒரு சிறு கடைக்கு மாத ரிட்டர்ன் போட்டுக் கொடுக்க நான் 1,500 வாங்குகிறேன். வேறு கணக்கே போட வேண்டியதில்லை.

சொந்த வேலைக்காக எழுதும்போது பராமரிப்பு ஏன் சுமையாக இல்லை? விதி மாறும்போது வரும் அரசுச் சுற்றறிக்கையை நான் எப்படியும் படித்தாக வேண்டும், என் வாடிக்கையாளருக்கு அது வேண்டும். படித்ததற்கு அவர்கள் கூலி கொடுத்துவிட்டார்கள். தளத்தில் மாற்றுவது அதன் மேல் பத்து நிமிஷம். அப்புறம், இந்த வழியில் 200 கட்டுரை தேவையே இல்லை. விளம்பரத்துக்குக் கூட்டம் வேண்டும், கூட்டத்துக்கு எண்ணிக்கை வேண்டும், எண்ணிக்கை கூடக்கூடத் திருத்தும் வேலை கூடும். வாடிக்கையாளருக்கு அப்படி இல்லை.

எந்தக் கட்டுரை ஆளைக் கொண்டுவருகிறது என்று பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. "ஜிஎஸ்டி என்றால் என்ன" என்பதை ஆயிரக்கணக்கானோர் படித்திருக்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளாக இருக்கும், அதிலிருந்து ஒருவர்கூட வேலை கொண்டுவந்ததில்லை. ரிட்டர்ன் போடாமல் விட்டுப் பதிவு ரத்தானவர் அதை எப்படி மீட்பது, ரெக்-21 படிவத்தை எத்தனை நாளுக்குள் போடுவது என்று ஒரு வறட்டுக் கட்டுரை இருக்கிறது. மாதம் இருநூறு பேர் படித்தால் அதிகம். அதிலிருந்து மாதம் இரண்டு மூன்று பேர் தவறாமல் கூப்பிடுகிறார்கள். 30 நாள் என்றிருந்த கெடு 2023 அக்டோபரில் 90 நாளாக மாறியது. அதை அன்றே மாற்றிவிட்டேன், ஏனென்றால் மறுநாள் ஒருவர் அதைப் படித்துவிட்டு என்னையே கூப்பிடுவார் என்று தெரியும். தலைபோகிற அவசரத்தில் இருப்பவன் தேடும் விஷயத்தை எழுத வேண்டும், பொழுதுபோகாதவன் தேடுவதை இல்லை. விளம்பரத்துக்காக எழுதிய காலத்தில் இதை நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தேன்.

கூகுளே இப்போது தேடலின் உச்சியில் பதிலைச் சொல்லிவிடுகிறது. "12 சதவீதம் எதற்கு" என்று தேடுபவர் என் பக்கத்துக்கு வர வேண்டிய தேவையே குறைந்துவிட்டது. பதிவு ரத்தானவருக்குப் பதில் மட்டும் போதாது, படிவத்தைப் போட்டுக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.

இதன் குறையையும் மறைக்கவில்லை. தூங்கும்போது காசு வராது. என்னால் 40 கடைக்கு மேல் பார்க்க முடியாது, உதவிக்கு ஒரு பெண்ணை வைத்த பிறகும் 55தான். காசு வசூலிப்பது தனித் தலைவலி, ஆட்சென்ஸ்காரர்களை நான் மூன்று முறை நினைவூட்டியதில்லை. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் நோட்டீஸின் படம் வரும், ஒரு வணக்கம்கூட இருக்காது. சேவை வழியாக ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் நாமே ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டும், ஊருக்குச் சொல்வதை நமக்கும் செய்தாக வேண்டும். பட்டயக் கணக்காளர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் ஆள் பிடிக்க விளம்பரப்படுத்துவதில் கட்டுப்பாடு உண்டு. அவர்கள் என்னைப் போலத் தளத்தில் கட்டணத்தையும் தொலைபேசி எண்ணையும் பெரிதாகப் போடுவதற்கு முன் தங்கள் அமைப்பின் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டண வகுப்பும் நடத்திப் பார்த்தேன். சனிக்கிழமை இரண்டு மணி நேரம், ஆளுக்கு 300 ரூபாய். ஏழு மாதம்தான் ஆகிறது, இன்னும் எந்தப் பக்கமும் சாயவில்லை. முதல் வகுப்புக்கு 31 பேர், ஐந்தாவதுக்கு 9 பேர். ஊர்க்காரர்கள் தீர்ந்துவிட்டார்களா, நான் நடத்துவது சலித்துவிட்டதா என்று தெரியக் கொஞ்ச காலம் ஆகும். மாதச் சந்தாவில் கட்டுரை அனுப்புவதை நான் தொட்டதில்லை, அதனால் அதைப் பற்றிப் பேசவில்லை.

விளம்பரம் யாருக்குப் பொருந்தும் என்றால், எழுதியது பழசாகாதவர்களுக்கு. கரூர் கைத்தறியின் கதை, தறி ஓட்டிய பாட்டன்களின் வியாபாரப் பழக்கங்கள், பேரேடு எழுதும் அடிப்படை, இதெல்லாம் பத்து ஆண்டு கழித்தும் அப்படியே இருக்கும். தொழிலில் கால் வைக்காமல் எழுத மட்டும் தெரிந்த மாணவர்களுக்கும் அதுதான் முதல் படி. வேறு விற்க அவர்களிடம் ஒன்றும் இருக்காது. ஆனால் வரி, கடன், அரசுத் திட்டம் என்று தேதி போட்ட விஷயத்தை எழுதி விளம்பரத்தை மட்டும் நம்புகிறவர், எழுதும் நேரத்தோடு திருத்தும் நேரத்தையும் சேர்த்து எண்ணிப் பார்த்துவிட்டு இறங்கட்டும்.

இப்போது என் தளத்தில் 38 கட்டுரைதான் இருக்கிறது. ஒவ்வொன்றின் தலையிலும் கடைசியாகச் சரிபார்த்த தேதி. மற்றவற்றை நீக்கியபோது பார்வை சரிந்தது, அழைப்பு சரியவில்லை. ஆட்சென்ஸ் கணக்கில் 63 டாலர் நிற்கிறது. விளம்பரம் இல்லாததால் அது இனி 100 ஆகப் போவதில்லை. கணக்கை மூடினால், 10 டாலருக்கு மேல் இருப்பதைக் கொடுத்துவிடுவார்கள் என்பது விதி. "பின்ன எதுக்கு இன்னும் மூடாம வெச்சிருக்கீங்க?" என்று வீட்டில் கேட்கிறார்கள். இந்த மாத 3பி (மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன்) வேலை முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். போன மாதமும் இதையேதான் சொன்னேன்.