தனி வெக்டர் டேட்டாபேஸ் வாங்குவதற்கு முன்: போஸ்ட்கிரெஸ், பிஜிவெக்டர் பயன்படுத்திய அனுபவம்

இணையத்தில் புத்தகம் விற்கும் ஒரு சின்னக் கடையின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது என் வேலை. "கிராமத்துப் பாட்டி பற்றிய கதை" என்று தட்டினால், தலைப்பில் அந்தச் சொற்கள் இல்லாவிட்டாலும் பொருத்தமான நாவல் வரவேண்டும் என்று கேட்டார்கள். புதிதாக எதையும் வாங்காமல், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில், வெக்டர்களை (ஒரு உரையின் அர்த்தத்தைக் குறிக்கும் எண்களின் பட்டியல்) சேமித்துத் தேட உதவும் பிஜிவெக்டர் எக்ஸ்டென்ஷனைப் போட்டோம். இலவசம், ஓப்பன் சோர்ஸ். எனக்கு முழுத் திருப்தி.

பெரிய லாபம் வேகமில்லை. எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது. புத்தகத்தின் விலை, கையிருப்பு, வெக்டர் மூன்றும் ஒரே டேபிளில். கடைசிப் பிரதி விற்றதும் தேடலிலும் அது வராது. தனி டேட்டாபேஸ் என்றால் இரண்டையும் ஒத்துப்போக வைக்க ஒரு புரோகிராம் எழுதி, அது நின்றுவிடாமல் காவல் இருக்க வேண்டும். பேக்கப்பும் இரண்டாகிவிடும். இங்கே எழுதுவது வழக்கமான எஸ்கியூஎல்தான்: கொசைன் தூரத்தில் (இரண்டு வெக்டர்கள் எவ்வளவு நெருக்கம் என்று காட்டும் அளவு) ஆர்டர் பை, லிமிட் 10, அவ்வளவே.

கவனம் வேண்டிய இடம் வடிகட்டல். 2023-இல் பிஜிவெக்டரின் 0.5 பதிப்பில் வந்த, நெருக்கமான வெக்டர்களைத் தேடித் தரும் ஹெச்என்எஸ்டபிள்யூ இண்டெக்ஸ் நல்ல வேகம். ஆனால் அது முதலில் நெருக்கமான வரிசைகளை எடுக்கும் (இயல்பாக 40), அப்புறம்தான் கொயரியின் வேர் (WHERE) நிபந்தனை பார்க்கப்படும். "200 ரூபாய்க்குள், கையிருப்பில்" என்பது பத்தில் ஒரு புத்தகத்துக்குத்தான் பொருந்தும் என்றால், பத்து கேட்ட இடத்தில் சராசரியாக நான்குதான் மிஞ்சும். 2024-இல் வந்த 0.8 பதிப்பு, போதிய வரிசைகள் சேரும்வரை இண்டெக்ஸில் தொடர்ந்து தேடும் வசதியைத் தந்தது. அது தானாக இயங்காது, நாம்தான் ஆன் செய்ய வேண்டும். அதற்கு முந்தைய பதிப்பை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து மாறிவிடுங்கள்.

நினைவகமும் முக்கியம். 1536 பரிமாண வெக்டர் (அதாவது 1536 எண்கள் கொண்டது) ஒன்று ஏறக்குறைய 6 கேபி; பத்து லட்சம் வரிசைக்கு 6 ஜிபி, இண்டெக்ஸ் தனி. ஒவ்வொரு எண்ணையும் பாதி இடத்தில் வைக்கும் ஹாஃப்வெக் வகைக்கு மாறினால் பாதியாகும். சாதாரண வெக்டர் வகையில் 2000 பரிமாணத்துக்கு மேல் இண்டெக்ஸ் போட முடியாது. ஹாஃப்வெக்கில் 4000 வரை முடியும். கோடிக்கணக்கில் வெக்டர்கள், தேடல் மட்டுமே தொழில் என்பவர்கள் தனி டேட்டாபேஸைப் பார்ப்பதில் தவறில்லை.

ஒரு யோசனை: வெக்டரை மட்டும் நம்பாதீர்கள். எழுத்தாளர் பெயரையோ ஐஎஸ்பிஎன் எண்ணையோ தட்டுகிறவருக்கு அர்த்தத்தில் நெருக்கமானது வேண்டாம், அதே புத்தகம்தான் வேண்டும். ஐஎஸ்பிஎன்னுக்கு நேரடிப் பொருத்தம் போதும். பெயர், தலைப்புக்குப் போஸ்ட்கிரெஸின் சொல் தேடல் இருக்கிறது. 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து தமிழ்ச் சொற்களின் விகுதி நீக்கும் வசதியும் அதிலேயே உண்டு. இரண்டு தேடலிலும் ஒரு புத்தகம் எத்தனையாவதாக வருகிறது என்பதைச் சேர்த்து ஒரே கொயரியில் தரவரிசைப்படுத்தலாம்.