பேக்கரியா, பித்தளை டபராவா, ஏசி கடையா: ஈரோட்டில் நான் பிடித்த காபிக்கடை

சமையலறையை இடித்துக் கட்டி முடிக்க நான்கு மாதம் ஆகும் என்று மேஸ்திரி சொன்ன அன்றே, பில்டரையும் பால் குண்டாவையும் அட்டைப் பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டோம். அன்று முதல் காலைக் காபியும் மாலைக் காபியும் வெளியேதான். எப்போதாவது ஒருநாள் வெளியில் குடிப்பவருக்கு எந்தக் கடையும் போதும். தினம் இரண்டு வேளை என்றால் அப்படி விட முடியாது. ஒரு நல்ல கடையைப் பிடித்தே ஆக வேண்டும் என்று நானும் என் மனைவியும் ஈரோட்டைச் சுற்றத் தொடங்கினோம்.

இந்த ஊரில் காபி கிடைக்கும் இடங்களை நான்காகப் பிரிக்கலாம். தெருவுக்குத் தெரு இருக்கும் பேக்கரி, பெருந்துறை ரோடு போன்ற பெரிய சாலைகளில் பித்தளை டபராவோடு நிற்கும் டிகிரி காபிக் கடை, இயந்திரத்தில் எஸ்பிரஸோ இறக்கும் ஏசி கடை, மணிக்கூண்டைச் சுற்றிய பழைய கடைவீதியில் காபித்தூள் அரைத்து விற்பதோடு நின்று குடிக்க ஒரு பலகையும் போட்டிருக்கும் சின்னக் கடை. நான் கடைசியில் போய் நின்றது நான்காவது வகையில். ஆகவே கீழே வருவதை நடுநிலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் போன இடங்களில் பேக்கரியிலும் தூள் கடையிலும் 15 முதல் 20 ரூபாய், பித்தளை டபராவுக்கு அதைவிட ஐந்து பத்து கூடுதல், ஏசி கடையில் நூறைத் தாண்டும். உட்கார நாற்காலி, குளிர்ச்சி, கழிப்பறை வசதி எல்லாம் ஏசி கடையில்தான். இவை போகாமலே தெரிந்த விஷயங்கள். நான்கு மாதம் குடித்த பிறகு எனக்குப் புலப்பட்டது வேறு: கடையின் தரத்தைத் தீர்மானிப்பது டிக்காஷனின் வயது. தூளும் பாலும் டம்ளரும் அதற்கு அடுத்த வரிசைதான்.

கொங்கு நாட்டுப் பேக்கரியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தேங்காய் பன்னும் பப்ஸும் டீயும் என்று மில் தொழிலாளி முதல் ஜவுளி வியாபாரி வரை எல்லாரையும் ஒரே கண்ணாடி அலமாரிக்கு முன் நிற்க வைக்கும் இடம் அது. ஆனால் அது டீக்காரர்களின் இடம். நான் நின்ற வேளைகளில் பத்துப் பேர் வந்தால் ஏழெட்டுப் பேர் டீதான் கேட்டார்கள். அதனால் டீக்கு ஓட்டம் இருக்கிறது, காபிக்கு இல்லை. காலை ஐந்து மணிக்கு இறக்கிய டிக்காஷன் பாய்லர் மேலேயே சூட்டில் உட்கார்ந்திருக்கும். பதினொரு மணிக்குப் போய்க் காபி கேட்பவருக்கு வருவது ஆறு மணி நேரம் வெந்த சாறு. பால் மட்டும் புதிதாக இருந்து என்ன பயன்? பல பேக்கரிகளில் பில்டரே கிடையாது, இன்ஸ்டன்ட் தூளைத்தான் கலக்கிறார்கள். அதை இழிவாகப் பார்த்துக்கொண்டிருந்த நான் மனம் மாறினேன். வெயில் ஏறிய வேளையில், பழைய டிக்காஷனைவிட அப்போதே கலந்த இன்ஸ்டன்ட் காபி எவ்வளவோ மேல். அதில் கெட்டுப்போகக் காத்திருக்கும் பொருள் எதுவும் இல்லை.

டிக்காஷன் ஏன் இப்படி மூப்படைகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காபியின் மணம் என்பது எளிதில் ஆவியாகும் பொருள்களின் கூட்டம். சூட்டில் திறந்து வைத்தால் முதலில் பறிபோவது அதுதான். அடுத்து, கொட்டையில் இயற்கையாகவே உள்ள குளோரோஜெனிக் அமிலம் நெடுநேரச் சூட்டில் சிதைந்து குயினிக் அமிலமாகவும் காஃபிக் அமிலமாகவும் பிரிகிறது. குடித்து முடித்த பிறகும் நாக்கின் பின்புறத்தில் நிற்கும் அந்தக் காறல் இதனால் வருவது. சர்க்கரையைக் கூட்டினாலும் அது மறையாது. தீர்ந்துபோகும் நேரத்தில் சக்கையின் மேலேயே மீண்டும் வெந்நீர் ஊற்றி இரண்டாம் டிக்காஷன் எடுத்து, மிச்சமிருக்கும் முதல் டிக்காஷனோடு சேர்த்துவிடுவதும் உண்டு. அப்போது மணமும் இல்லை, திடமும் இல்லை, கசப்பு மட்டும் மிஞ்சும்.

நிறத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கலாம் என்று முதலில் நினைத்தேன். புது டிக்காஷனில் பால் சேர்ந்தால் செம்பழுப்பு வரும், பழையதில் சாம்பல் ஓடும். பெரும்பாலும் இது சரிதான். ஆனால் சிக்கரி அதிகமுள்ள தூள் கண்ணை ஏமாற்றிவிடும். சிக்கரி நிறத்தையும் கெட்டித்தன்மையையும் கொடுத்துவிடுவதால் எவ்வளவு நேரம் ஆனாலும் பார்வைக்குக் கம்பீரமாகவே இருக்கும். காபி–சிக்கரிக் கலவையில் காபி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும், விகிதத்தைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும் என்பது சட்டம். தூள் வாங்கும்போது அதைப் படித்துப் பார்க்கலாம். டம்ளரில் வருவதற்கு ஏது பொட்டலம்? மூக்கைத்தான் நம்ப வேண்டும். அல்லது வாய் திறந்து கேட்க வேண்டும்.

நான் கேட்கத் தொடங்கினேன். "டிக்காஷன் எப்போது இறக்கியதுங்க?" என்ற ஒரே கேள்வி. சில இடங்களில் மாஸ்டர் முகம் சுளித்தார். ஒரு கடையில், "அதெல்லாம் நல்லாத்தானுங்க இருக்கும், குடித்துப் பாருங்க" என்றார்கள். தூள் கடையில் மட்டும்தான் நேரத்தோடு பதில் வந்தது. "மூன்றரைக்கு இறக்கினதுங்கண்ணா. இன்னும் பத்து நிமிடம் பொறுத்தால் அடுத்தது இறங்கிவிடும்." அந்தப் பத்து நிமிடம் நின்றேன். அடுத்த நாளும் அங்கேயே போனேன்.

அங்கே நாளுக்கு நான்கு முறை டிக்காஷன் இறங்குகிறது: காலை ஐந்தரை, எட்டு, மாலை மூன்றரை, ஐந்தரை. இடைப்பட்ட நண்பகலில் காபியே கொடுப்பதில்லை, தூள் வியாபாரம் மட்டும். ஆள் வந்து கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். விற்கக்கூடிய ஒன்றை விற்க மறுக்கும் அந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. முன்னிரவு வறுத்த கொட்டையைக் காலையில் அரைத்து, பெரிய எவர்சில்வர் பில்டரில் அழுத்தாமல் பரப்பி, கொதித்து அடங்கிய தண்ணீரை இரண்டு தவணையாக ஊற்றி அரை மணி நேரம் போல விடுகிறார்கள். பிளான்டேஷன் ஏ என்னும் பெரிய ரகக் கொட்டையும் பீபெரி என்னும் உருண்டைக் கொட்டையும் சேர்த்து, சிக்கரி 20 விழுக்காடு. பால் ஆவின் ஆரஞ்சு பாக்கெட், அதாவது 6 விழுக்காடு கொழுப்புள்ளது. தண்ணீர் காவிரிக் குழாய்த் தண்ணீர். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆழ்துளைக் கிணற்றின் கடினத் தண்ணீரில் உள்ள பைகார்பனேட், காபியின் இதமான புளிப்பைத் தின்றுவிடும், காபி மந்தமாகிப்போகும். கோவைக்காரர்கள் சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பேசும் பெருமை வெறும் ஊர்ப்பாசம் இல்லை.

கொட்டையைப் பொறுத்தவரை நாம் கொடுத்து வைத்தவர்கள். ஏற்காடு, வால்பாறை, நீலகிரி, கொல்லிமலை என்று கொங்கு நாட்டைச் சுற்றி நிற்கும் மலைகளில் எல்லாம் காபி விளைகிறது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஏற்காட்டில் காபியைக் கொண்டுவந்தார். மலை இத்தனை அருகில் இருந்தும் நம் டம்ளரில் பழைய டிக்காஷன் வருகிறதே என்பதுதான் என் ஆற்றாமை.

பித்தளை டபராக் கடைகளுக்கு வருகிறேன். கலப்படமில்லாத பாலை லாக்டோமீட்டரில் 'டிகிரி' பார்த்து வாங்கியதால் 'கும்பகோணம் டிகிரி காபி' என்ற பெயர் வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். கும்பகோணத்துப் பெயர் கொங்குச் சாலைகளில் இப்படிப் பரவியதில் எனக்கு வருத்தமில்லை. அங்கே பால் நன்றாக இருக்கிறது, ஆற்றிக் கொடுக்கும் நுரையும் சூடும் அருமை. பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் ஈயப்பூச்சு தேயாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் கூட்டத்தைப் பொறுத்து அந்தக் கடைகளின் குணமே மாறிவிடுகிறது. சனி, ஞாயிறு, முகூர்த்த நாள்களில் கார்கள் வரிசையாக நிற்கும்போது டிக்காஷன் இறங்க இறங்கத் தீர்ந்துவிடும், காபி அற்புதம். அதே கடையில் புதன்கிழமை மதியம் குடித்தபோது வேறு ஊருக்கு வந்துவிட்டோமோ என்றிருந்தது.

இதே கணக்கு கனி மார்க்கெட்டிலும் பொருந்துகிறது. திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் ஜவுளிச் சந்தையின்போது, மற்ற நாள்களில் நான் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு சாதாரணக் கடையில் இரவு பதினொரு மணிக்கு நல்ல காபி குடித்தேன். கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வந்த வியாபாரிகள் விடாமல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே டிக்காஷனுக்கு வயதாக நேரமே இல்லை.

ஏசி கடையைப் பற்றிக் கவனமாகத்தான் சொல்ல வேண்டும். நான் போனது மூன்று கடைகள், மொத்தம் பத்துப் பன்னிரண்டு முறை. என் அளவுகோலில் பார்த்தால் அவர்கள்தான் முதலிடம் பெற வேண்டும். ஒவ்வொரு கோப்பைக்கும் 18 கிராம் போலத் தூளை அப்போதே அரைத்து, 9 பார் அழுத்தத்தில் 25 முதல் 30 விநாடிகளில் இறக்கிவிடுகிறார்கள். காத்திருக்கும் டிக்காஷன் என்ற பேச்சே இல்லை. ஆனால் அங்கே மூப்பு கொட்டைக்கு வந்துவிடுகிறது. ஒரு கடையில் வறுத்த தேதியைக் கேட்டேன், பையைத் திருப்பிக் காட்டினார்கள், மூன்று மாதம் தாண்டியிருந்தது. இன்னொன்றில் பத்து நாள்தான் ஆகியிருந்தது, அங்கே காபி உண்மையிலேயே நன்றாக இருந்தது. பாலை 60 அல்லது 65 டிகிரிக்கு மேல் சூடாக்குவதில்லை என்பதால் நம் நாக்குக்கு ஆறின காபி போலத் தோன்றும். இளவறுப்புக் கொட்டையில் பால் இல்லாமல் வடித்துத் தரும் காபியை இரண்டு முறைதான் குடித்திருக்கிறேன். பழப்புளிப்பு பிடிபடவில்லை. பழகியவர்கள் கொண்டாடுகிறார்கள், அவர்கள் சொல்வதை மறுக்க எனக்கு அனுபவம் போதாது.

என் மனைவியின் கட்சி வேறு. மாலைக் காபிக்கு அவர் ஏசி கடையையே விரும்பினார். பேக்கரி வாசலிலும் தூள் கடைப் பலகையிலும் ஆண்கள் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். ஒரு பெண் அரை மணி நேரம் நிம்மதியாக உட்கார்ந்து புத்தகம் படிக்க அங்கே இடமில்லை. "உங்களுக்கு டிக்காஷன் முக்கியம், எனக்கு நாற்காலி முக்கியம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. என் தேர்வு, நின்றுகொண்டு ஐந்து நிமிடத்தில் குடித்துவிட்டுப் போகிறவருக்கானது. முட்டி வலிக்கிற பெரியவர்களுக்கும் அதைச் சொல்ல மாட்டேன்.

ஒரு சின்னக் குறிப்பு. தூள் கடையில் கேட்டால் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை போட்டுத் தருவார்கள். கொதிக்கும் பாலில் போட்டால் சில நேரம் திரிந்துவிடும் என்பதால் காபியைக் கலந்து சற்று ஆற்றிய பிறகே சேர்க்கிறார்கள். சுவை தனி, ஆனால் காபியின் மணத்தை அது கொஞ்சம் அமுக்கிவிடுகிறது. எனக்கு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

சமையலறை வேலை சொன்ன நாளைத் தாண்டி ஒருவழியாக முடிந்துவிட்டது. பில்டரும் பரணிலிருந்து இறங்கிவிட்டது. காலைக் காபி வீட்டில்தான், தூள் அதே கடையில் வாரம் 200 கிராம். ஒரேயடியாக அரைக் கிலோ வாங்குவதை நிறுத்திவிட்டேன். மாலை மூன்றே முக்காலுக்கு இன்னமும் அந்தப் பலகைக்குப் போகிறேன். ஞாயிறு மாலை மட்டும் கடை கிடையாது. அன்றைக்குப் பெருந்துறை ரோட்டுப் பித்தளை டபராதான். ஞாயிறு மாலை அங்கே கார் நிறுத்தக்கூட இடம் இருக்காது, ஆகவே அன்று டிக்காஷன் எப்போது இறக்கியது என்று நான் கேட்பதில்லை.