களிமண் பிள்ளையாரா, பிளாஸ்டர் பிள்ளையாரா: கரைக்கும்போது தெரியும் வேறுபாடு

சதுர்த்திச் சந்தையில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையார்தான் முதலில் கண்ணில் படுவார். எடை குறைவு, வழவழப்பு, பளிச்சென்ற வண்ணம். அச்சில் ஊற்றினால் சீக்கிரம் இறுகிவிடும். வழியில் எளிதில் உடையாது. ஊர்வலத்துக்குப் பெரிய சிலை செய்பவர்கள் இதை நாடுவதன் காரணம் புரிகிறது.

ஆனால் நீரில் இறக்கியதும் கதை மாறுகிறது. ஜிப்சம் என்ற கனிமத்தைச் சூடாக்கிக் கிடைக்கும் தூள்தான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். தண்ணீர் சேர்ந்து இறுகியதும் அது மீண்டும் ஜிப்சமாகிவிடுகிறது. ஜிப்சமோ நீரில் மிக மிக மெதுவாகவே கரையும். சதுர்த்தி முடிந்த பின் கடற்கரையில் கையும் தும்பிக்கையும் உடைந்து ஒதுங்கிக் கிடப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. மேற்பூச்சில் ஈயம் போன்ற உலோகங்கள் இருந்தால் அவையும் தண்ணீரில் சேர்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் திருத்திய வழிகாட்டுதல்களில் இத்தகைய சிலைகளுக்குத் தடை சொன்னது இதனால்தான்.

சுடாத களிமண் பிள்ளையார் வாளித் தண்ணீரிலேயே கரைந்துவிடுவார். முதலில் குமிழிகள் எழும். காது, தும்பிக்கை என மெல்லிய பாகங்கள் சரியும். பிறகு வயிறு இளகும். விரிசல் விடுவார், கனமாக இருப்பார் என்பது உண்மையே. வீட்டுப் பூஜைக்கு அது ஒரு குறையே அல்ல. வண்ணம் பூசாததாகப் பார்த்து வாங்குங்கள். கரைக்கும் முன் எருக்கம்பூ மாலையையும் குன்றிமணிக் கண்களையும் எடுத்துவிடுங்கள். குன்றிமணி நஞ்சு, குழந்தைகள் கையில் கிடைக்கக் கூடாது. தெளிந்த நீரை வடித்துவிட்டு மண்ணைச் செடித்தொட்டியில் கொட்டலாம்.