காட்டுத்தீ விமானி வேலை: மருந்து தெளிப்பா, ஏர் அட்டாக்கா, டேங்கரின் வலது சீட்டா?

அமெரிக்காவில் 250 மணி நேரம் பறந்தால் கமர்ஷியல் லைசென்ஸ் கிடைத்துவிடும். அதை மட்டும் காட்டினால் காட்டுத்தீ நிறுவனம் எதுவும் கூப்பிடாது. மத்திய அரசு ஒப்பந்தத்தில் பறக்க, அரசு ஆய்வாளர் உங்கள் பறப்புக் குறிப்பேட்டை (லாக்புக்) புரட்டிப் பார்த்துக் 'கார்டு' தரவேண்டும். அந்தக் கார்டுக்குத் தேவையான மணி நேரத்தை எங்கே சேர்ப்பது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

பழைய வழி, வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானம். எடுத்த எடுப்பில் சீட்டு கிடைக்காது. மருந்து கலக்கி டேங்க் நிரப்பும் லோடர் வேலையில் ஓரிரு சீசன் போகும். வாலில் சக்கரம் உள்ள விமானம் ஓட்டப் பயிற்றுநர் எழுதித்தரும் எண்டார்ஸ்மென்ட்டை அதற்குள் வாங்கிவிடுங்கள். முதலாளிக்கு உங்களைப் பிடித்திருந்தாலும் டர்பைன் எஞ்சின் விமானத்தில் பறந்த மணி நேரம் போதாது என்று இன்சூரன்ஸ்காரர் மறுப்பார். பலர் சிக்கிக்கொள்வது அங்கேதான். தாண்டினால் தீயணைக்கும் ஏர் டிராக்டர் 802 விமானம்: 800 காலன், அதாவது சுமார் 3,000 லிட்டர் தீத்தடுப்புக் கலவை கொள்ளும். மர உச்சியிலிருந்து 60 அடி உயரத்தில் கதவு திறக்கும். முழுச் சுமையில் மூன்று டன்னுக்கு மேல் சில நொடிகளில் கழன்றுவிடுவதால் மூக்கு மேலே தூக்கும். ஸ்டிக்கை முன்னே தள்ளத் தயாராக இருக்கவேண்டும். பக்கத்தில் சொல்லித்தர ஆள் கிடையாது. அதனால்தான் புதியவர்களுக்கு லெவல் 2 கார்டு: மேலே கண்காணிப்பு விமானம் இல்லாமல் தீயில் இறங்கக்கூடாது.

இரண்டாவது ஏர் அட்டாக், அதாவது தீக்களத்து விமானங்களை மேலிருந்து ஒழுங்குபடுத்தும் விமானம். இதில் நீங்கள் எதையும் கொட்டமாட்டீர்கள். டர்போ கமாண்டர், கிங் ஏர் போன்ற இரட்டை எஞ்சின் விமானத்தில் தீக்கு மேலே வட்டமடிப்பீர்கள். மற்ற விமானங்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரி வலது சீட்டில் இருப்பதால் வட்டமும் வலப்பக்கம்தான். தீ அவருக்குத் தெரியும், உங்களுக்குப் பெரும்பாலும் வானம். அலுப்பான வேலைதான். ஆனால் எந்த டேங்கர் (தீத்தடுப்புக் கலவையைக் கொட்டும் விமானம்) எப்போது உள்ளே வருகிறது, தீக்கு 12 மைல் தொலைவில் அனுமதி கேட்காத விமானத்தை 7 மைலில் ஏன் நிறுத்துகிறார்கள் என்பதெல்லாம் நாள் முழுக்கக் காதில் விழும். மொத்தம் 1,500, பைலட்-இன்-கமாண்டாக (விமானத்துக்குப் பொறுப்பான விமானியாக) 1,200 மணி நேரம் வேண்டும். மலைப்பகுதியில் பறந்ததைத் தனியாகக் கேட்பார்கள். லாக்புக்கில் இன்றே பிரித்து எழுதுங்கள். கனடாவில் அபோட்ஸ்ஃபோர்டின் கோன்ஏர் நிறுவனத்திலும் 'பேர்ட் டாக்' எனும் வழிகாட்டி விமானம்தான் வழக்கமான முதல் படி.

மூன்றாவது, பெரிய டேங்கரின் துணை விமானி. மொன்டானா மாநிலம் மிசூலாவின் நெப்டியூன் நிறுவனம் பிஏஇ 146 ஜெட் ஓட்டுகிறது. வாஷிங்டன் மாநிலம் ஸ்போகேனின் ஏரோ-ஃப்ளைட் நிறுவனத்திடம் ஆர்ஜே85 ஜெட். சுமார் 3,000 காலன், 150 அடி உயரத்தில் கொட்டல். ஏர்லைன், ராணுவப் போக்குவரத்து விமானம் ஓட்டியவர்களுக்கு இரண்டு பேர் காக்பிட் புதிதல்ல. இடறுவது பள்ளத்தாக்கில்: ஆட்டோபைலட் கிடையாது, வழிகாட்டும் கருவி கிடையாது, கண்ணால் பார்த்தே இறங்கவேண்டும். கேப்டனின் இடது சீட்டுக்கு மாறப் பல சீசன் ஆகும்.

இரட்டை எஞ்சின் மணி நேரம் கையில் இருப்பவர் ஏர் அட்டாக்கையே முதலில் தட்டலாம் என்பது எங்கள் கணிப்பு. தீக்களத்தின் ரேடியோ ஒழுங்கை அவ்வளவு பாதுகாப்பான உயரத்திலிருந்து வேறெங்கும் கற்க முடியாது. தனியாகத் தாழப் பறப்பதில்தான் ஆசை என்றால் வயலுக்கே போங்கள்.

எதுவானாலும் விண்ணப்பம் அக்டோபர் முதல் ஜனவரிக்குள் போகட்டும். வசந்தத்தில் பயிற்சியும் கார்டும் முடிந்துவிடும். ஜூனில் அனுப்பும் பயோடேட்டாவைப் பிரித்துப் பார்க்க அலுவலகத்தில் ஆள் இருக்கமாட்டார்.