பிட்யூட்டரியா, ஓவாப்ரிமா? தாய்மீனுக்கு எந்த ஊசி?

கும்பகோணம் பக்கம் சின்னதாக ஒரு மீன்குஞ்சு பொரிப்பகம் வைத்திருக்கிறேன். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும்தான் பிழைப்பு. தாய்மீனை முட்டையிட வைக்க முதல் மூன்று பருவம் பிட்யூட்டரி ஊசி போட்டேன், அதாவது வேறு மீனின் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை அரைத்து எடுத்த சாறு. அடுத்த மூன்று பருவமாக ஓவாப்ரிம் என்ற குப்பி மருந்து. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் "எதைப் போடலாம்ணே?" என்று கேட்கும்போதெல்லாம் அரை மணி நேரம் பேச வேண்டியிருக்கிறது. எழுதி வைத்துவிட்டால் தொண்டைத் தண்ணீராவது மிச்சம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஓவாப்ரிம் கட்சி.

ஊசி எதற்கு என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். கங்கை ஆற்றுக் கெண்டைகளான இவை நம் குளத்தில் நன்றாக வளரும், சினையும் பிடிக்கும். முட்டை மட்டும் விடாது. புதுவெள்ளம் வந்து கரை மேட்டில் தண்ணீர் ஏறினால்தான் அதன் மூளை "இப்போது விடு" என்று சொல்லும். குளத்தில் அந்தச் சேதியே வருவதில்லை. மழைக்காலம் முடிந்ததும் முட்டை உள்ளேயே கரைந்து போய்விடும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரி ஊசி போட்டு இந்தக் கெண்டைகளைக் குளத்து மீனாகவே முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் இன்றைக்கும் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அதற்கு முன் ஆற்றில் வலை கட்டி, வருகிற குஞ்சைப் பிடித்து விற்றதுதான் தொழில். எந்தக் குஞ்சு எந்த மீனுடையது என்று பிரித்துப் பார்க்கவும் வழியில்லை.

மீனின் மூளையடியில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் பிட்யூட்டரியைத் தட்டி எழுப்பும். பிட்யூட்டரி எல்எச் என்ற இன்னொரு ஹார்மோனை ரத்தத்தில் விடும். அது சினைப்பைக்குப் போய் முட்டையைப் பக்குவமாக்கி வெளியே தள்ள வைக்கும். பிட்யூட்டரி ஊசி இந்தச் சங்கிலியில் கீழ்க்கண்ணியில் நுழைகிறது. வேறொரு மீனின் எல்எச்சை எடுத்து நேராகக் கொடுத்துவிடுகிறோம். ஓவாப்ரிம் ஒரு கண்ணி மேலே நுழைகிறது. தாய்மீனின் சொந்த பிட்யூட்டரியிடம் "உன்னிடம் இருப்பதை விடு" என்று சொல்கிறது. இரண்டுக்குமான வித்தியாசம் முழுக்க இதிலிருந்துதான் வருகிறது.

சரி, பிட்யூட்டரி. மீன் சந்தையில் தலை வெட்டுகிற இடத்தில் போய் நிற்க வேண்டும். மண்டையோட்டைச் சீவி, மூளையை மெல்லத் தூக்கினால் கீழே குழியில் கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக வெள்ளையாக ஒன்று உட்கார்ந்திருக்கும். அதன் மேல் மெல்லிய சவ்வு. பொறுமையில்லாமல் கிள்ளினால் நசுங்கிவிடும். எடுத்ததைச் சுத்த ஆல்கஹாலில் போட்டு, ஒரு நாள் கழித்து ஆல்கஹாலை மாற்றி, பழுப்புக் குப்பியில் வைக்க வேண்டும். ஊசி போடும் நாளில் வடிதாளில் உலர்த்தி, எடை பார்த்து, அரைத்து, தெளிவை மட்டும் இழுத்துக்கொள்ள வேண்டும். நாலு கிலோ கட்லாப் பெண்ணுக்கு முதல் ஊசி கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம், ஆறு மணி நேரம் கழித்து இரண்டாவது ஊசி கிலோவுக்கு 5 முதல் 8. ஆக மொத்தம் 28 முதல் 44 மில்லிகிராம். ஒரு சுரப்பி சில மில்லிகிராம்தான் தேறும் என்பதால், ஒரு தாய்மீனுக்கே எத்தனை தலை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஓவாப்ரிம் 10 மில்லி குப்பியில் வருகிறது. கிலோவுக்கு அரை மில்லி. அதே நாலு கிலோ கட்லாவுக்கு 2 மில்லி, ஒரே ஊசி, அவ்வளவுதான். ஆணுக்குக் கிலோவுக்கு 0.1 முதல் 0.2 மில்லி, பெண்ணுக்குப் போடும் அதே நேரத்தில். மருந்தில் மில்லிக்கு 20 மைக்ரோகிராம் ஹார்மோன். அதாவது அங்கே 40 மில்லிகிராம் சுரப்பி செய்த வேலையை இங்கே 40 மைக்ரோகிராம் செய்கிறது. சுரப்பியின் எடையில் பெரும்பகுதி வெறும் சதை என்பதால் இந்த ஒப்பீடு முழு நியாயமில்லைதான். ஆனாலும் வியப்பு வியப்புதான்.

அந்த ஹார்மோன் சால்மன் மீனுடைய ஜிஎன்ஆர்எச்சின் திருத்திய வடிவம். சால்மனின் ஜிஎன்ஆர்எச் எப்படிப்பட்டது என்பதை 1983ல் கண்டுபிடித்தார்கள். பத்தே அமினோ அமிலங்கள். அதில் ஒன்றிரண்டை மாற்றிவிட்டால் மீனின் ரத்தத்தில் இருக்கும் நொதிகளால் சீக்கிரம் உடைக்க முடியாது, வேலை நீடிக்கும். ஆனால் கெண்டை இனத்துக்கு இது மட்டும் போதாது. கெண்டையின் மூளை ஒரு கையால் ஜிஎன்ஆர்எச் என்று முடுக்கும்போதே இன்னொரு கையால் டோபமைன் என்ற பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்கும். பிரேக்கை விடாமல் முடுக்கினால் வண்டி எங்கே நகரும்? கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பீட்டர் தங்கமீனில் இதைத் துருவினார். சீனாவின் லின் ஹாவ்ரானுடன் சேர்ந்து, ஹார்மோனோடு டோபமைனைத் தடுக்கும் மருந்தையும் கலந்து கொடுக்கும் முறையை உருவாக்கினார். இருவர் பெயரையும் சேர்த்து அதை லின்பே முறை என்கிறார்கள். ஓவாப்ரிமில் அந்தத் தடை மருந்து டோம்பெரிடோன், மில்லிக்கு 10 மில்லிகிராம். நமக்கு வாந்தி வந்தால் மருந்துக்கடையில் தருகிறார்களே, அதே சமாசாரம்தான். முதல் தடவை லேபிளைப் படித்தபோது சிரித்துவிட்டேன்.

விலையில் பிட்யூட்டரிதான் மலிவு, உங்கள் உழைப்புக்குக் கணக்குப் பார்க்காவிட்டால். பத்திரப்படுத்தி வைக்க ஓவாப்ரிமுக்கு ஃபிரிட்ஜ் கூட வேண்டாம். மின்வெட்டு நாளில் இது பெரிய நிம்மதி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என்னை மாற வைத்தது விலையும் இல்லை, வசதியும் இல்லை. தாய்மீன் சாவு.

என் மூன்றாவது பருவத்தில் வெளியிலிருந்து சுரப்பி வாங்கினேன். யாரிடம் என்பது வேண்டாம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சுரப்பியின் வீரியம், கொடுத்த மீன் எந்த நிலையில் இருந்தது என்பதைப் பொறுத்தது. முட்டையிடப் போகிற மீனின் பிட்யூட்டரி நிரம்பி இருக்கும். முட்டையிட்டு முடித்ததில் காலி. சின்ன மீனில் ஒன்றுமே இருக்காது. குப்பிக்குள் போய்விட்டால் எல்லாம் ஒரே நிறம். தராசு எடையைத்தான் சொல்லும், வீரியத்தைச் சொல்லாது. நான் கணக்குப்படி கிலோவுக்கு 8 போட்டேன். உண்மையில் அதில் பாதிக்கும் கீழேதான் வீரியம் இருந்திருக்க வேண்டும்.

டோஸ் போதவில்லை என்றால் மீன் சும்மா இருந்துவிடும் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. முட்டை பாதி பக்குவமாகித் தண்ணீரை இழுத்து ஊதும். வெளியே வராது. வயிறு பானை மாதிரி உப்பி, பின்வாய் அடைத்துக்கொண்டு, இரண்டு நாளில் மிதக்கும். அந்த வாரம் ஐந்து கட்லாத் தாய்மீனை இழந்தேன். ஒரு கட்லா முட்டையிடும் வயதுக்கு வர இரண்டு மூன்று வருஷம் ஆகும். குஞ்சு போனால் அடுத்த வாரம் இன்னொரு ஜோடி போடலாம். தாய் போனால் மூன்று வருஷத் தீவனமும் போய்விடும்.

இரண்டாவது ஊசியும் அந்தச் சாவில் பங்காளிதான். மாலை ஆறு மணிக்கு வலை போட்டு ஒருமுறை தூக்குகிறோம். நள்ளிரவில் டார்ச் வெளிச்சத்தில் மறுபடி தூக்குகிறோம். ரோகு பொறுத்துக்கொள்ளும். கட்லா துள்ளித் துள்ளித் தொட்டிச் சுவரில் முட்டிக்கொள்ளும், செதில் உதிரும். இரண்டு நாளில் அந்த இடத்தில் பஞ்சு மாதிரி பூஞ்சை. என்னிடம் வேலை செய்த தம்பி நடுராத்திரியில் ஒருநாள், "அண்ணே, மறுபடியும் தூக்கணுமா? பாவம்ணே" என்றான். அவன் சொன்னது மீனையா தன்னையா என்று தெரியவில்லை.

ஓவாப்ரிமில் ராத்திரி ஏழு, எட்டு மணிக்கு ஒரே தூக்கல். முதுகுத் துடுப்புக்கும், உடம்பின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் பக்கக்கோட்டுக்கும் நடுவில் ஒரு குத்து. முட்டைத் தொட்டியில் விட்டுவிட்டால் விடியற்காலையில் தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்கும். மருந்து கொழகொழவென்று கெட்டியாக இருக்கும், அதனால் மெல்ல அழுத்த வேண்டும். அளவில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் ஆபத்து குறைவு, ஏனென்றால் கடைசியில் ரத்தத்தில் சேரும் எல்எச் மீனின் சொந்தச் சரக்கு. இந்த மூன்று பருவத்தில் ஊசியால் போன தாய்மீன் என்று நான் சொல்லக்கூடியவை இரண்டுதான். இரண்டும் சினை சரியாக முற்றாதவை. தேர்வு செய்ததில் என் தப்பு.

பசி விஷயத்தையும் சொல்ல வேண்டும், பலரும் அதைக் கவனிப்பதில்லை. மீனின் மூளையில் பசிக்கும் இனப்பெருக்கத்துக்கும் தனித்தனி அறைகள் இல்லை. தங்கமீனில் பசியைத் தூண்டும் என்பிஒய் என்ற ஹார்மோனே எல்எச்சையும் கூட்டுகிறது. பசியைத் தூண்டும் இன்னொரு ஹார்மோனான க்ரெலினும் அப்படித்தான். எதிர்ப்பக்கம், ஜிஎன்ஆர்எச்சின் ஒரு வகையைச் செலுத்தினால் தங்கமீன் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறது. தின்கிறபோது முட்டை சேர், முட்டை விடுகிறபோது தின்னாதே என்று ஏற்பாடு. சால்மன் ஆற்றில் ஏறும்போது சாப்பாட்டையே நிறுத்திவிடுகிறது. ஊசிக்கு முன் மூன்று நாலு மாதம் தவிடும் கடலைப் புண்ணாக்கும் நன்றாகக் கொடுக்கலாம், ஆனால் கொழுப்பேறிவிட்டால் மீன் முட்டை விடச் சிரமப்படும். ஊசிக்கு முதல் நாள் தீவனத்தை நிறுத்திவிடுங்கள்.

ஊசிக்குப் பிறகு எத்தனை நாளில் மீன் தீவனப் பைக்குத் திரும்புகிறது என்று பார்ப்பேன். ஓவாப்ரிமில் இரண்டு மூன்று நாள். பிட்யூட்டரிக் காலத்தில் ஒரு வாரம் வரை ஆனது. ஆனால் இதை ஹார்மோன் கணக்கில் எழுத எனக்குத் தைரியமில்லை. இரண்டு முறை வலையில் புரண்ட காயமே காரணமாக இருக்கலாம். குறிப்பேட்டில் எழுதியும் வைக்கவில்லை.

பிட்யூட்டரிக்கு நியாயமாக ஒன்று சொல்லியாக வேண்டும். ஓவாப்ரிம் மீனின் சொந்த பிட்யூட்டரியை நம்பி இருக்கிறது. அது காலியாக இருந்தால் தட்டினாலும் கதவு திறக்காது. பருவத்தின் கடைசியில், ஒருமுறை முட்டையிட்டுத் தேறி வரும் தாய்மீனில் இது நடக்கிறது. அப்போது வெளியிலிருந்து நேராக எல்எச் கொடுப்பதற்கு ஓர் அர்த்தம் உண்டு. நம்பகமான சுரப்பியை நீங்களே எடுத்து, எடுத்த மீனின் நிலையையும் குறித்து வைத்திருந்தால் இன்றைக்கும் அது மோசமில்லை. தினம் சந்தைக்குப் போகிறவர்களுக்கு, சிரமமில்லாமல் செய்ய முடிகிற வேலைதான்.

பக்கத்தில் ஒருவர் ஓவாடைட் என்ற இன்னொரு மருந்து போடுகிறார், அதில் டோபமைனைத் தடுக்க டோம்பெரிடோனுக்குப் பதில் பிமோசைட். அவருக்குத் திருப்தி. நான் கை வைத்ததில்லை. கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து எடுக்கும் எச்சிஜி என்ற ஹார்மோன் வெள்ளிக் கெண்டைக்கு வேலை செய்யும், நம் கட்லா, ரோகுவுக்கு அது மட்டும் போதாது. கொடுவா போன்ற கடல் மீன்களில் டோபமைன் பிரேக் பெரிதாக இல்லாததால் ஜிஎன்ஆர்எச் மட்டுமே போதும். அந்தப் பக்கம் எனக்கு அனுபவம் இல்லை, கேட்டுக்கொள்ள வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

பழைய பழுப்புக் குப்பி இன்னும் அலமாரியில் இருக்கிறது. நானே சந்தையில் எடுத்த சுரப்பிகள், இருபது தேறும். இந்த ஆவணியில் ஓவாப்ரிமுக்கு அசையாத மிர்கால் ஏதாவது இருந்தால் அதற்குப் போட்டுப் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறேன்.