கோத்தகிரியில் பத்து நாள்: வெளிநாட்டிலிருந்து திரும்பிய பிள்ளைகளுக்கான முகாம்

எட்டு ஆண்டுகள் இங்கிலாந்தில் வளர்ந்து கோவைக்குத் திரும்பிய எங்கள் பதினான்கு வயது மகளைக் கடந்த மே மாதம் கோத்தகிரியில் நடந்த ஒரு தங்கும் முகாமுக்கு அனுப்பினோம். அயல்நாட்டிலிருந்து ஊர் திரும்பும் பதின்வயதினருக்கென்றே நடத்தப்படும் இதற்கு, உணவும் தங்குமிடமும் சேர்த்து 18,000 ரூபாய் வாங்கினார்கள். இடத்திலும் சாப்பாட்டிலும் குறை இல்லை. கம்பளி மட்டும் நாமே கொடுத்தனுப்புவது நல்லது.

முதல் நாள் பெற்றோர் கூட்டத்தில், வெளிநாடு போகும்போது வரும் தடுமாற்றம் திரும்பி வரும்போதும் ஒருமுறை வரும் என்பதை, 1963இல் ஆய்வாளர்கள் ஜான், ஜீன் கல்லஹார்ன் ஆகியோர் முன்வைத்த டபிள்யூ வடிவ வளைகோட்டைப் பலகையில் வரைந்து விளக்கினார்கள். விளக்கம் தெளிவாகவே இருந்தது. ஆனால் எங்கள் வீட்டுத் தொல்லை வேறு. வெள்ளைக்காரப் பிள்ளை தப்பும் தவறுமாகத் தமிழ் பேசினால் தெருவே கூடி மெச்சும்; நம் முகமும் நம் பெயரும் கொண்ட பிள்ளை அப்படிப் பேசினால் "திமிர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அம்மாவை "நீ" என்று அழைத்தே வளர்ந்தவளுக்கு, பேருந்து நடத்துநரை "நீங்க" என்றுதான் சொல்ல வேண்டும் என்பதை யாரும் கற்றுத் தரவில்லை, நாங்களும்தான்.

இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டவர், வீட்டில் படுக மொழி பேசி வளர்ந்து பள்ளிக்குப் போன பிறகே தமிழ் கற்ற ஓர் உள்ளூர் ஆசிரியை. அவர் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகக் கடைத்தெருவுக்கு அனுப்பிவிட்டு, எதிர்ப்புறம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாராம். முதல் நாள் பேக்கரியில் வர்க்கி கால் கிலோவா, அரைக் கிலோவா என்று கேட்டபோது, கால் என்றால் நடக்கிற கால் என்று மட்டுமே அறிந்திருந்த என் மகள் திருதிருவென்று விழித்திருக்கிறாள். ஆறாம் நாள் குன்னூர் பேருந்தில் சில்லறை கேட்ட நடத்துநரிடம் "இருங்கண்ணா, தர்றேன்" என்று சொல்லியிருக்கிறாள். வீடு திரும்பியதும் முதலில் சொன்னது இதைத்தான். லாங்வுட் சோலைக் காட்டுக்குள் நடைபோனதைப் பற்றி அவள் சொன்னது ஒரே வரி: அட்டை கடித்தது.

கோலம், பறை வகுப்புகள் சுற்றுலாப் பயணிகளுக்கு ஏற்றவை. நான்கு பகற்பொழுதை அவற்றுக்குக் கொடுத்தது வீண். பள்ளி மாறுவது பற்றி ஒரு சொல்லும் இல்லை. பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் 2006ஆம் ஆண்டுச் சட்டம் உள்ள மாநிலத்தில், எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய அச்சம் எது?

எனக்குப் பொறுக்காதது கைபேசியைப் பத்து நாளும் வாங்கி வைத்துக்கொண்டதுதான். இங்கிலாந்தில் பள்ளி விட்டு வரும் நேரம் இங்கே இரவு எட்டு மணி; தோழிகளோடு பேச அவளுக்கு இருப்பதே அந்தப் பொழுதுதான். ஊரோடு ஒட்ட வேண்டுமென்பதற்காகப் பழைய நட்பை அறுக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. மூன்றாம் இரவு அவள் அழுததை ஆசிரியை சொல்லித்தான் அறிந்தோம்.

அந்த ஆசிரியைக்காகவே அடுத்த ஆண்டும் அனுப்பலாம் என்றிருக்கிறோம். இனி இரவில் அரை மணி நேரம் கைபேசி தருவதாக நிர்வாகி வாய்மொழியாகச் சொன்னார். எழுத்தில் தரும்படி கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.